கிளை அலுவலகத்துக்குப் போன சிக்வின்

ஆர்சிங்க் நிரலை எழுதியவர்கள் அதற்கு விண்டோஸ் பதிப்பு என்று ஒன்றைக் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-இல் அதை யூனிக்ஸுக்காகத்தான் எழுதினார்கள். ஒரு பெரிய கோப்பில் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே எந்தப் பகுதி மாறியதோ அதை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பும். 500 எம்.பி. கணக்குக் கோப்பில் 4 எம்.பி. மாறியிருந்தால், அந்த நாலும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் லைனில் போகும். கிளைகளின் கணக்கை இரவோடு இரவாகத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுவர இதைவிடச் சிக்கனமான வழி அன்று இல்லை. தலைமை அலுவலக சர்வர் லினக்ஸ். கிளையில் பில் போடும் கணினியோ விண்டோஸ். சிக்கல் அங்கேதான்.

சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவருக்கு இந்த இடைவெளியை அடைப்பதே பிழைப்பாகிப்போனது. மொத்த வியாபாரிகள், குடோன்காரர்கள், ஊருக்கு ஒரு கிளை என்று பரவியிருப்பவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். நிரல் எழுதுவது அவர் வேலையில் சிறு பங்கு. யாரோ எழுதியதை முன்பின் பார்த்திராத கணினியில் ஏற்றி, அது தினமும் ராத்திரி ஒழுங்காக ஓடுகிறதா என்று காலையில் பார்ப்பதுதான் மீதி எல்லாம்.

அவர் எடுத்துக்கொண்ட கருவி சிக்வின். கலிபோர்னியாவில் 1989-இல் தொடங்கப்பட்ட சிக்னஸ் என்ற நிறுவனம் கட்டற்ற மென்பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு சேவை தந்தது. அங்கிருந்த ஸ்டீவ் சேம்பர்லைன் 1995-இல் இந்த வேலையைத் தொடங்கினார். 1999-இன் கடைசியில் சிக்னஸையே வாங்குவதாக ரெட் ஹாட் அறிவித்தது. சிக்வினும் கூடவே போனது. அதன் உயிர் ஒரே கோப்பில் இருக்கிறது: சிக்வின்1 என்ற டி.எல்.எல். யூனிக்ஸ் நிரல் கேட்கும் ஒவ்வொன்றையும், கோப்பைத் திற, குழாயைப் போடு, சிக்னல் அனுப்பு என்பதையெல்லாம், விண்டோஸுக்குப் புரியும் அழைப்பாக மாற்றித் தருவது அதுதான். மூல நிரலைப் பெரிதாகக் கைவைக்காமல் விண்டோஸில் மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

“அப்ப உள்ளே லினக்ஸ் ஓடுதா சார்?” என்று கிளைக்குக் கிளை கேட்பார்கள். இல்லை. லினக்ஸில் கம்பைல் செய்த நிரலைக் கொண்டுவந்து வைத்தால் சிக்வினில் ஓடாது. ஓடுவது விண்டோஸ் நிரல்தான். அது விண்டோஸில் இருப்பது அதற்கே தெரியாது, அவ்வளவுதான்.

கம்பைல் செய்து, தன் மேசையில் ஓட்டிப் பார்ப்பது ஒரு மத்தியான வேலை. பொறியாளரின் கணினியில் எல்லாம் ஓடும். ஏனென்றால் அங்கே முழு சிக்வினும் நிறுவப்பட்டிருக்கிறது. பாத் மாறியில் அதன் ‘பின்’ என்ற அடைவு முதலிலேயே நிற்கிறது. கேட்டதெல்லாம் கிடைக்கும். கிளைக் கணினியில் எதுவும் கிடையாது. ஆகவே அவர் முதலில் எடுப்பது சிக்செக் என்ற சிறு கருவி. ஒரு எக்ஸ்இ கோப்பைக் கொடுத்தால், அது எந்தெந்த டி.எல்.எல்.களை இழுக்கிறது, அவை வேறு எதையெல்லாம் இழுக்கின்றன என்று கிளை பிரித்துக் காட்டும். ஆர்சிங்குக்கு சிக்வின்1 போக, சுருக்கும் நூலகங்கள் சில, எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் நூலகம் ஒன்று. சர்வரோடு பாதுகாப்பாக இணைக்க அதோடு போகும் எஸ்எஸ்எச்சுக்கு மறையாக்க நூலகமும், கெர்பரோஸை யாருமே பயன்படுத்தாத கிளையிலும் கெர்பரோஸ் நூலகங்களும். பட்டியலில் ஒன்று விட்டுப்போனாலும் நிரல் எழாது.

எழாததை அது எப்படிச் சொல்கிறது என்பதில்தான் கஷ்டம். நிரலை இருமுறை சொடுக்கினால் இன்ன டி.எல்.எல். இல்லை என்று ஒரு பெட்டி வரும், நல்லது. அதே நிரல் டாஸ்க் ஷெட்யூலரிலிருந்து நள்ளிரவில் ஓடினால் பெட்டி காட்ட அங்கே திரை ஏது? ‘கடைசி ஓட்டத்தின் விளைவு’ என்ற கட்டத்தில் ‘சி’யில் தொடங்கி 135-இல் முடியும் ஒரு நீண்ட எண் மட்டும் நிற்கும். டி.எல்.எல். கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள். தெரிந்தவருக்கு அது போதும். கிளையில் இருப்பவருக்கு?

“சார், ஒரு கறுப்பு விண்டோ வருது, உடனே போயிடுது.”

“அதுல என்ன எழுதியிருந்தது மேடம்?”

“படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு சார்.”

இந்த உரையாடல் இல்லாமல் ஒரு நிறுவல் வேலை முடிந்ததில்லை. அதனால் அவர் தரும் தொகுப்பில் ஆர்சிங்கை நேராக அழைப்பதே இல்லை. நடுவே ஒரு பேட்ச் கோப்பு இருக்கும். வந்த சொல், வராத சொல் எல்லாவற்றையும் லாக் கோப்பில் தேதியோடு கொட்டிவிடும்.

135-ஐவிட மோசமான எண் ஒன்று உண்டு. அதுவும் ‘சி’யில் தொடங்கும், 22-இல் முடியும். கோப்பு இருக்கிறது, சரியான இடத்தில் இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. ஆனாலும் நிரல் எழாது. காரணம் டி.எல்.எல். கோப்பின் அனுமதியில் இருக்கும். விண்டோஸில் ஒரு டி.எல்.எல்.லை நினைவகத்தில் ஏற்ற வேண்டுமானால் அதன் மீது இயக்கும் உரிமையும் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்தால் அடைவின் உரிமை தானாக வந்துவிடுவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. சிக்வின் கருவிகளைக் கொண்டு பிரித்தெடுத்தாலோ நகலெடுத்தாலோ யூனிக்ஸ் வழக்கப்படி படிக்கும் உரிமையோடு மட்டும் கோப்பு பிறந்துவிடும். பின் அடைவின் எல்லா டி.எல்.எல்.களுக்கும் இயக்கும் உரிமை கொடுத்தால் சரியாகிவிடும். அந்த ஒரு வரி அவருடைய நிறுவல் ஸ்கிரிப்டில் இன்றும் இருக்கிறது.

அடுத்தது, அடைவை எங்கே வைப்பது. யூனிக்ஸ் நிரலுக்கு எல்லாம் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குகிறது. விண்டோஸில் அந்த வேர் எது? 2009 டிசம்பரில் வந்த சிக்வின் 1.7-இலிருந்து இதற்கு எளிய விதி உண்டு: சிக்வின்1 டி.எல்.எல். எந்த அடைவில் இருக்கிறதோ அதற்கு ஒரு படி மேலே உள்ள அடைவுதான் வேர். அதற்கு முன்பு இந்த விவரம் ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். புது விதியின்படி சி டிரைவில் ‘கிளைசிங்க்’ என்று ஓர் அடைவு, அதற்குள் பின், ஈடிசி, டெம்ப், ஹோம். டி.எல்.எல். பின்னுக்குள் போனால் கிளைசிங்க்தான் வேர். பின் என்ற அடைவே இல்லாமல் எல்லாவற்றையும் கிளைசிங்கிலேயே கொட்டிவைத்தால் சி டிரைவ் முழுவதும் வேராகிவிடும். நிரல் தன் அமைப்புக் கோப்பைத் தேடி சி டிரைவின் உச்சியில் நிற்கும். ஓடத்தான் செய்யும். எதைப் படித்து ஓடுகிறது என்பதுதான் தெரியாது.

பாதை எழுதும் விதமும் வேறு. டி டிரைவில் உள்ள டேட்டா அடைவை அனுப்பு என்று விண்டோஸ் வழக்கப்படி எழுதினால், ‘டி’க்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளியைப் பார்த்து ‘டி’ என்பது ஒரு சர்வரின் பெயர் என்று ஆர்சிங்க் எடுத்துக்கொள்ளும். போய்ச் சேரும் இடமும் சர்வர்தானே. அனுப்பும் இடம், பெறும் இடம் இரண்டும் வெளியே இருக்க முடியாது என்று மறுத்துவிடும். சிக்டிரைவ் என்ற முன்னொட்டைச் சேர்த்து யூனிக்ஸ் பாதையாக எழுத வேண்டும். மாற்றித் தர சிக்பாத் என்று ஒரு கருவி இருக்கிறது. அதையும் தொகுப்பில் வைத்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்த வீட்டு விவகாரம். கிளைக் கணினியில் ஏற்கெனவே வேறொரு சிக்வின் குடியிருக்கலாம். யாரும் சிக்வின் என்று சொல்லி அதை நிறுவியிருக்க மாட்டார்கள். ஒரு பேக்கப் மென்பொருளோ ஏதோ ஒரு எஸ்எஸ்எச் சர்வரோ தன்னோடு ஒரு பழைய சிக்வின்1-ஐக் கொண்டுவந்திருக்கும். சாதாரண டி.எல்.எல். என்றால் இரண்டு நகல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் சிக்வின்1 வெறும் நூலகம் அல்ல. அதை ஏற்றிய எல்லா நிரல்களும் ஒரு பொது நினைவகப் பகுதியின் வழியே ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. நிரல்களின் எண்கள், சிக்னல்கள், முனையங்கள் எல்லாம் அங்கேதான். 1.5 காலத்தில் இரண்டு வெவ்வேறு பதிப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் அந்த ஒரே பகுதியில் கைவைத்தன. பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரு பிழைச் செய்தி வரும். கணினியில் சிக்வின்1 எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, புதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடு என்று அந்தச் செய்தியே யோசனையும் சொல்லும்.

அந்த யோசனையை ஒரு கிளையில் அப்படியே செய்து முடித்தார்கள். ஆர்சிங்க் ஓடத் தொடங்கியது. மறுநாள் அந்தக் கணினியில் வேறொரு நிறுவனத்தின் பேக்கப் சேவை எழவில்லை. அவர்கள் ஆள் வந்து தங்கள் பழைய டி.எல்.எல்.லைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி ஆர்சிங்க் நின்றது. இரண்டு தரப்பும் மாறி மாறி வந்துபோன பிறகுதான் பொறியாளர் அந்த சேவை எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டார். தன் வேலையை அதற்குப் பின்னால் தள்ளிவைத்து, தொடங்கும் முன் அந்த சேவையை நிறுத்தி, முடிந்ததும் எழுப்பும்படி பேட்ச் கோப்பில் எழுதினார். அழகான தீர்வு அல்ல. ஆனால் பிறர் வைத்த கோப்பை அழிக்காத தீர்வு.

1.7 இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்தது. டி.எல்.எல். இருக்கும் பாதையிலிருந்து ஒரு சாவி கணக்கிடப்பட்டு, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி நினைவகப் பகுதி கிடைத்தது. இப்போது இரண்டு சிக்வின் சண்டை போடுவதில்லை. ஒன்றை ஒன்று கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொள்ளாததிலும் தொல்லை உண்டு. அதன் உதாரணம் எஸ்எஸ்எச்.

2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் தன் சொந்த ஓபன்எஸ்எஸ்எச்சைக் கூடவே தருகிறது. அது இருக்கும் அடைவு பாத் மாறியிலும் உண்டு. ஆர்சிங்க் எஸ்எஸ்எச்சைக் கூப்பிடும்போது பாதையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், எது முதலில் கண்ணில் படுகிறதோ அது வந்துவிடும். மைக்ரோசாப்டின் எஸ்எஸ்எச் சுத்தமான விண்டோஸ் நிரல். சிக்வின் ஆர்சிங்க் நீட்டும் குழாய் அதற்குப் புரியாது. உள்ளீடு, வெளியீடு, பிழை என்ற மூன்றையும் இரட்டிக்க முடியவில்லை என்று ஒரு வரி வரும், இணைப்பு அறுந்துவிடும். கிட் மென்பொருளோடு வரும் எஸ்எஸ்எச்சும் இதற்குத் தீர்வாகாது. அது சிக்வினிலிருந்து பிரிந்த எம்சிஸ்2-ஐச் சார்ந்தது. உறவுதான், ஆனால் வேறு டி.எல்.எல். கடவுச்சொல் தவறு, ஃபயர்வால் மறிக்கிறது, சர்வரில் கோளாறு என்று கிளைகளில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பொறியாளர் பார்ப்பது ஒன்றைத்தான்: எஸ்எஸ்எச்சின் முழுப் பாதை கட்டளையில் எழுதப்பட்டிருக்கிறதா, அது ஆர்சிங்க் இருக்கும் அதே பின் அடைவிலிருந்து வருகிறதா.

எல்லாம் சரியாக இருந்தும் சில கணினிகளில் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தோற்கும். இங்கே ஃபோர்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் நிரல் தன்னைத்தானே இரண்டாக்கிக்கொள்ளும் அழைப்பு அது. ஆர்சிங்க் கோப்பைப் பெறும்போது அப்படித்தான் பிரிகிறது: ஒரு பாதி வேண்டியதைக் கேட்கும், மறுபாதி வந்ததை எழுதும். விண்டோஸில் நிரலாளர்களுக்கு அப்படி ஓர் அழைப்பு கிடையாது. சிக்வின் அதே நிரலைப் புதிதாக எழுப்பி, தாயின் நினைவகத்தை அதற்குள் நகலெடுத்து ஒப்பேற்றுகிறது. இதற்கு ஒரு நிபந்தனை: தாயிடம் எந்த டி.எல்.எல். எந்த முகவரியில் இருந்ததோ, சேயிடமும் அதே முகவரியில் இருக்க வேண்டும். இரண்டாவது ரயில் பெட்டியிலும் எல்லாரும் அதே இருக்கை எண்ணில் உட்கார வேண்டும் என்பது போல. அப்போது டிக்கெட் இல்லாமல் முதலில் ஏறி ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்பவர், பெரும்பாலும், ஆன்டிவைரஸ். ஓடும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தன் டி.எல்.எல்.லை நுழைப்பது அதன் வழக்கம். ஃபோர்க் முறியும். இப்படி இடைஞ்சல் செய்யும் மென்பொருள்களின் பட்டியலையே சிக்வின்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் பாதுகாப்பு மென்பொருள்கள் நிறையவே உண்டு.

ரீபேஸ் என்ற கருவியால் ஒவ்வொரு டி.எல்.எல்.லுக்கும் மோதாத ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பது ஒரு மருந்து. 32-பிட்டில் இடமே குறைவு, அதனால் நெரிசல் அதிகம். 2013-இல் 64-பிட் சிக்வின் வந்த பிறகு இந்தப் புகார் வெகுவாகக் குறைந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இதே வழியாக வந்ததுதான். 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பு வரை விண்டோஸில் அதை ஓட்ட சிக்வின்தான் துணை. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஃபோர்க் செய்யும் நிரல் அது. ஃபோர்க் இல்லாமல், புது நிரலை எழுப்பி வேண்டிய விவரங்களைக் கைமாற்றும்படி மாற்றிய பிறகே சொந்தக் காலில் விண்டோஸில் நின்றது.

ஃபோர்க் முறியாவிட்டாலும் மெதுவானது. லினக்ஸில் எழுதிய பாஷ் ஸ்கிரிப்டை அப்படியே கொண்டுவந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் செட், ஆக், கட் என்று மூன்று நிரலை எழுப்பும் ஒரு சுற்று, அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவது இங்கே நகர்ந்து நகர்ந்து போகும். பொறியாளர் ஒரு கட்டத்தில் பாஷையே தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். சுற்றுவேலை பேட்சிலோ பவர்ஷெல்லிலோ. சிக்வினிலிருந்து ஆர்சிங்க், எஸ்எஸ்எச், சிக்பாத் மட்டும். யூனிக்ஸ் அன்பர்களுக்கு இது கசக்கும். தொகுப்பு பாதியாகச் சுருங்கியது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் தனிக் கதை. கிளைகளில் ‘சரக்கு வரவு’, ‘மார்ச் பாக்கி’ என்று தமிழிலேயே கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய 1.5 சிக்வின் விண்டோஸோடு பேசியது ஏ.என்.எஸ்.ஐ. வழியில். ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் அந்த வழியில் தனிக் குறியீட்டுப் பக்கம் இருந்தது. தமிழுக்கு விண்டோஸ் ஒருபோதும் தரவில்லை, தமிழ் நேராக யூனிகோடில்தான் நுழைந்தது. அதனால் மொழி அமைப்பை எப்படி மாற்றினாலும் அந்தக் கோப்புகள் கேள்விக்குறி வரிசையாகத் தெரிந்தன, திறக்கவும் முடியவில்லை. 1.7 யூனிகோடுக்கு மாறியதும் கோப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. லாக் கோப்பில் மட்டும் விநோதம் தொடர்ந்தது: 340, 256, மறுபடி 340, 257 என்று எண்களாகக் கொட்டிக் கிடந்தது. யூ.டி.எஃப்-8-இல் தமிழுக்கான யூனிகோடு குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதல் இரண்டு எப்போதும் அந்த எண்களில் ஒரு ஜோடிதான், எட்டின் அடிமானத்தில் எழுதினால். ஷெட்யூலர் ஓட்டும்போது மொழி அமைப்பு எதுவும் இல்லாததால், அச்சிட முடியாத எழுத்து என்று ஆர்சிங்க் எண்ணாக்கிவிடுகிறது. ‘8-பிட் வெளியீடு’ என்ற விருப்பத்தைச் சேர்த்ததும் ‘மார்ச் பாக்கி’ தமிழிலேயே லாக்கில் வந்தது.

ஷெட்யூலர் செய்யும் இன்னொரு வேலை, நிரலைச் சிஸ்டம் என்ற கணக்கில் ஓட்டுவது. எஸ்எஸ்எச் தன் சாவியையும் சர்வர் பட்டியலையும் தேடுவது அந்தக் கணக்கின் வீட்டில். ஹோம் என்ற மாறியை நீங்கள் எப்படி வைத்தாலும் அதை அது மதிப்பதில்லை. மேசையில் ஓடியது இரவில் ஓடாமல் போக இதுவே அடிக்கடி காரணம். சாவியின் பாதை, சர்வர் பட்டியலின் பாதை இரண்டையும் கட்டளையிலேயே எழுதிவிட்டால் யார் கணக்கில் ஓடினாலும் கவலையில்லை. சாவிக் கோப்பைப் பிறர் படிக்கும்படி விட்டால் எஸ்எஸ்எச் அதைத் தொடாது. அந்த உரிமையையும் நிறுவும்போதே குறைத்துவிட வேண்டும்.

உரிம விவகாரமும் ஒன்று இருந்தது. 2016 வரை சிக்வின்1 ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது, மூல நிரலைத் தராத வணிக நிரலை அதோடு இணைத்து விற்க ரெட் ஹாட்டிடம் தனி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பிறகு எல்.ஜி.பி.எல். ஆனது, கட்டு தளர்ந்தது. டி.எல்.எல்.லைக் கொடுப்பவர் அதன் மூல நிரலையும் தரக் கடமைப்பட்டவர் என்பது மட்டும் மாறவில்லை. பொறியாளர் தரும் ஒவ்வொரு தொகுப்புக்கும் பக்கத்தில் அதே பதிப்பின் மூல நிரல் சுருக்கக் கோப்பு ஒன்று இருக்கும். எந்தக் கிளையும் அதைக் கேட்டதில்லை.

இப்போது 2016-இல் வந்த டபிள்யூ.எஸ்.எல். இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமே என்று வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் லினக்ஸ் நிறுவல் ஒவ்வொரு பயனருக்கும் தனியாகப் பதிவாகிறது. யாரும் லாகின் செய்யாத இரவில் சிஸ்டம் கணக்கில் ஓட வேண்டிய வேலைக்கு அது பொருந்திவரவில்லை. ஆர்க்ளோன் போன்றவை கோ மொழியில் எழுதப்பட்டு ஒற்றை எக்ஸ்இயாக வருகின்றன, டி.எல்.எல். தொல்லையே கிடையாது, சிறு சிறு கோப்புகளாகப் பில் சேரும் புது வாடிக்கையாளர்களுக்கு அவர் அதைத்தான் வைக்கிறார். ஆனால் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது அதில் இல்லை. ஒற்றைப் பெரிய தரவுக் கோப்பு இருக்கும் இடங்களில் ஆர்சிங்க்தான், ஆகவே சிக்வின்தான்.

சிக்வினும் பழைய விண்டோஸ்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகிறது. எக்ஸ்பியில் ஓடிய கடைசிப் பதிப்பு 2.5.2. 32-பிட்டுக்கு 3.3-தான் கடைசி வரிசை. 2022 டிசம்பரில் வந்த 3.4-இலிருந்து 64-பிட் மட்டும். எனவே அவர் அலமாரியில் மூன்று தொகுப்புகள் இருக்கின்றன, அடைவின் பெயரிலேயே பதிப்பு எண்ணோடு. புதியதைப் பழையதன் மீது எழுதுவதில்லை; பக்கத்தில் வைத்து, ஷெட்யூலரில் பாதையை மாற்றி, சில நாள் பார்த்த பிறகே பழையது போகும். எக்ஸ்பி தொகுப்பு ஒரே ஒரு குடோனுக்காக உயிரோடு இருக்கிறது. அங்கே எடைமேடையோடு இணைந்த கணினி அது.

“அந்த எக்ஸ்பி மெஷினை எப்பத்தான் சார் மாத்துவீங்க?”

“எடைமேடைக் கம்பெனிக்காரன் புது டிரைவர் குடுக்கட்டும், மாத்திடறேன். அதுவரைக்கும் உங்க ஐட்டம் ஓடுதுல்ல?”